ஆவுடை உட்கார்ந்த சேலை

வாசல் கேட்டின் கொண்டி விழும் சத்தம் முதலில் வரும், அது அடங்குவதற்குள் கூடத்தில் ஒரு முழங்கால் சொடக்கென்று நெட்டி முறியும் சத்தம் வரும். பிரமநாயகி என்கிற பிரமு பாவாடை கட்டிய வயதில் கேட்ட அந்த இரண்டு சத்தங்களும், அவளுக்கு ஐம்பது தாண்டிய பிறகும், தலைமுடி பாதி வெளுத்த பிறகும், ஊசியில் நூல் கோக்கக் கண்ணாடி தேடும் காலம் வந்த பிறகும், ஒன்றன் வாலைப் பிடித்து மற்றொன்றாக அவள் காதுக்குள் விழுந்துகொண்டுதான் இருந்தன. கொண்டி, அப்பா வந்ததற்கு. முழங்கால், அம்மா எழுந்ததற்கு. அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாலும், பிள்ளைக்குப் பேன் பார்த்துக்கொண்டிருந்தாலும், காய்ச்சலில் சுவரோடு ஒட்டிக் கிடந்தாலும், கொண்டி விழுந்ததும் அம்மா எழுந்துவிடுவாள். எழுந்திரு என்று அப்பா ஒரு நாளும் சொன்னவரில்லை. சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம். வாயைத் திறந்து சொல்லாத ஒன்றோடு எப்படிச் சண்டை போடுவது என்று பிரமுவுக்கு விளங்கவே இல்லை.

அம்மா போய் வெகுகாலம் ஆயிற்று. பிரமு கல்லூரியில் படித்தாள், கல்யாணமாகிப் போனாள், இரண்டு வருடத்தில் ஒரு பெட்டியும் ஒரு மர வளையமுமாகத் திரும்பி வந்தாள். அந்த வளையத்தில் துணியை இழுத்து மாட்டித் தைக்க ஆரம்பித்தவள் பிறகு ஓயவில்லை. தலையணை உறையில் ரோஜாப்பூவும் கிளி ஜோடியும் போடுகிற தையல் இல்லை அது. பெண்கள் கட்டிக் கழித்த பழைய சேலைகளை வாங்கி, அந்தப் பெண்களுக்குக் கிடைக்காமல் போனதை அவற்றின் மேல் தைத்தாள். ஒரு நர்சின் வெள்ளைச் சேலையில் உள்பக்கம் தாழ்ப்பாள் உள்ள ஒரு கதவு. ஆறு பிள்ளை பெற்றவளின் நூல் சேலையில் ஒரே ஒரு ஆளுக்கு மட்டும் போட்ட இலை. சென்னையிலும் கொச்சியிலும் அவற்றை வெள்ளைச் சுவரில் தொங்கவிட்டு, மேலே விளக்குப் போட்டு, கீழே ஆங்கிலத்தில் நாலு வரி எழுதி வைத்தார்கள். படித்தவர்கள் வந்து தலையைச் சாய்த்துப் பார்த்தார்கள். ஆற்றுப் பாலத்துக்கு இந்தப் பக்கம், அவளுடைய சொந்த ஊரில், கல்யாண பிளவுசுக்கு ஆரி ஒர்க் போட்டுத் தருவீர்களா என்று கேட்டார்கள். மாட்டேன் என்று அவள் சொல்லும்போதெல்லாம், பரவாயில்லை, கை பழகப் பழக வந்துவிடும் என்று ஆறுதல் சொல்லிவிட்டுப் போனார்கள்.

வீட்டில் நாலு பேர். பொதுப்பணித் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற அப்பா சங்கரலிங்கம். அவருக்கென்று கூடத்தில் கைப்பிடி வைத்த ஒரு பிரம்பு நாற்காலி. அதில் வேறு யாரும் உட்காருவதில்லை, உட்காரக் கூடாது என்றும் யாரும் சொன்னதில்லை. அரிசி மண்டியில் கணக்குப் பார்க்கும் தம்பி கைலாசம். தம்பி பெண்டாட்டி ஆவுடையம்மாள். பிறகு பிரமு. இவர்களில் ஆவுடை கடைவீதியில் இருந்த நாலு மாடி ஜவுளிக்கடையில் பட்டுச் சேலைப் பிரிவில் வேலை பார்த்தாள். காலையில் கடை திறக்கும்போது நிற்க ஆரம்பித்தால் இரவு ஷட்டர் இறங்கும் வரைக்கும் நிற்க வேண்டும். வீட்டுக்கு வந்தால் கூடத்தில் மாமனார் உட்கார்ந்திருப்பார், அதனால் அங்கேயும் நிற்க வேண்டும். அவளுடைய இரண்டு கெண்டைக்காலிலும் நரம்பு, சிக்குப் பிடித்த நீல நூற்கண்டு மாதிரி, முடிச்சு முடிச்சாகப் புடைத்திருந்தது. இப்படியே போனால் புண் வைத்துவிடும், புண் வைத்தால் ஆறாது, உட்கார்ந்து பார்க்கிற வேலையாகப் பாரம்மா என்று டாக்டர் சொன்னார். சொல்லும்போது அவர் உட்கார்ந்திருந்தார்.

கடையில் உட்கார ஏற்பாடு இல்லாமல் இல்லை. வேலை செய்கிறவர்களுக்கு ஆசனம் கொடுக்க வேண்டும் என்று அரசாங்கம் சட்டம் போட்டவுடனேயே முதலாளி முக்காலிகள் வாங்கிவிட்டார். அவை சுற்றி வந்த பிளாஸ்டிக் தாள்கூடப் பிரிக்கப்படாமல் சரக்கு அடைக்கும் மேல்மாடிக் கிட்டங்கியில் அடுக்கி இருந்தன. அதிகாரிகள் பார்க்க வரும் அன்று இறங்கி வரும், அவர்கள் காபி குடித்துவிட்டுப் போனதும் மறுபடி ஏறிவிடும்.

இந்த முக்காலிகளைப் பற்றிப் பிரமு சென்னையில் ஒரு மேடையில் பேசி, நிறையக் கைதட்டல் வாங்கியிருந்தாள். அந்தச் சூட்டோடுதான் ஆவுடையிடம் அவளுடைய பழைய யூனிபாரம் சேலை ஒன்றைக் கேட்டாள். காபித்தூள் நிறம், மஞ்சள் கரை, நின்று நின்று மடிப்பெல்லாம் நைந்தது. கட்டினால் இடுப்புக்குக் கீழே பின்பக்கம் எந்த இடம் விழுமோ அந்த இடத்தில், அப்பாவின் பிரம்பு நாற்காலியை அச்சாகத் தைத்தாள். பிரம்புப் பின்னலுக்குச் சங்கிலித் தையல், கால்களுக்குக் கெட்டித் தையல், நிழலுக்கு முடி மாதிரி மெல்லிய ஓட்டுத் தையல். எல்லாம் துணியின் நிறத்திலேயே, கிட்டப் போய்ப் பார்த்தால்தான் தெரியும்படி. கொச்சியில் நடக்கப்போகிற பெரிய கண்காட்சிக்கு அதுதான் நடு நாயகம் என்று ஒப்புக்கொண்டிருந்தாள். பென்சில் கோடு போவதற்காக அதை அலசிப் பின்கட்டுக் கொடியில் போட்டாள்.

புரட்டாசிக் கடைசியிலேயே மழை பிடித்துக்கொண்டது. இரண்டு நாளாக எதுவும் காயவில்லை. கரண்டும் இல்லாத விடிகாலையில், பஸ்ஸுக்கு நேரமாகிவிட்ட பதற்றத்தில், ஆவுடை கொடியைத் தடவிப் பார்த்து, ஈரம் குறைந்த காபித்தூள் சேலை எதுவோ அதை உருவிச் சுற்றிக்கொண்டு ஓடினாள்.

அன்று பதினொரு மணிவாக்கில் ஒரு கல்யாண வீட்டுக் கூட்டம் பட்டுப் பிரிவை நிறைத்துக்கொண்டு வந்தது. மலை மாதிரிச் சேலைகளை விரித்துப் போட்டாகிவிட்டது. பெண்ணின் அத்தை, இதே மாம்பழ நிறத்தில் ஒரு பிடி வெளிறினது வேண்டும் என்றாள். ஆவுடை மேல்தட்டுக்குக் கை நீட்டினாள், முழங்கால் மடங்கியது, விழுந்தோம் என்று கண்ணை மூடிக்கொண்டாள். விழவில்லை. பின்னால் ஏதோ தாங்கியது. இரண்டு பக்கமும் கை வைக்க இடம் இருந்தது, வைத்துக்கொண்டாள். கண்ணைத் திறந்து பார்த்தபோது அவள் காற்றில் உட்கார்ந்திருந்தாள், தரைக்கும் அவளுக்கும் நடுவே ஒன்றும் இல்லை. கல்யாண வீட்டார் எல்லோரும் அதைப் பார்த்தார்கள். பெண்ணின் அத்தை, அந்த வெளிறின மாம்பழம் என்று ஞாபகப்படுத்தினாள். ஆவுடை உட்கார்ந்தபடியே எட்டி எடுத்துப் போட்டாள்.

மேல்மாடியில் கண்ணாடி அறையில் இருந்து கேமராவைப் பார்த்துக்கொண்டிருந்த முதலாளி, பட்டில் ஒரு தலை கீழே இறங்கியிருக்கிறது, என்னவென்று பார் என்று சூப்பர்வைசர் பொன்னுலிங்கத்தை அனுப்பினார். பொன்னுலிங்கம் வந்து கவுண்டருக்குப் பின்னால் குனிந்து, ஆவுடைக்கு அடியில் கையை வீசிப் பார்த்தார். கை எதிலும் இடிக்கவில்லை. நிமிர்ந்து சட்டையைச் சரிசெய்துகொண்டு கேட்டார்.

“யாரக் கேட்டு உக்காந்த?”

“உக்காரல அண்ணாச்சி,” என்றாள் ஆவுடை. “நிக்க முடியல.”

இதைக் கேள்விப்பட்ட நாள் முதலாகப் பிரமுவுக்கு எரிச்சல் தாங்கவில்லை. ஏனென்றால் ஊரில் ஒருவரும், ஒரே ஒருவரும், காற்றில் எப்படி உட்கார்ந்தாள் என்று கேட்கவில்லை. யாரைக் கேட்டு உட்கார்ந்தாள் என்றுதான் கேட்டார்கள். கைலாசம் அதைத்தான் கேட்டான். பால்காரர் கேட்டார், ஆவுடையின் சொந்தத் தாயார் போனில் கேட்டாள். கோயிலில் குருக்கள், சாமிக்கு நேராக அந்த மாதிரி உட்காராமல் இருந்தால் நல்லது என்று பொதுவாகச் சொல்லிவைத்தார். உள்ளூர்ச் செய்தியாளர் ஒருவர் வந்து, கணவர் அனுமதி உண்டா என்று கேட்டு எழுதிக்கொண்டு, நாற்காலியைப் படம் எடுக்காமலேயே போய்விட்டார். எப்படி என்று யாராவது கேட்பார்கள், கேட்டால் தனக்கும் தெரியாது என்று உண்மையைச் சொல்லிவிடலாம் என்று பிரமு வாசலைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அந்தக் கேள்வி வரவே இல்லை.

முதலாளி கணக்குத் தெரிந்தவர். விற்பனை இடத்தில் ஊழியர் நாற்காலி போடக் கூடாது என்பது கடையின் விதி, இங்கே நாற்காலி இல்லை. தீபாவளி நெருங்குகிறது, பட்டில் ஆவுடை மாதிரி கைராசி இன்னொருத்திக்குக் கிடையாது. போகட்டும் என்று விட்டுவிட்டார். ஆவுடை தினமும் அந்தச் சேலையையே இரவில் அலசிப் போட்டு, காலையில் கட்டிக்கொண்டு போனாள். காலில் வீக்கம் வடிந்தது. பஸ்ஸிலும் உட்கார்ந்து வந்தாள், நடு வழியில், ஆட்களுக்கு நடுவே. கண்டக்டர் டிக்கெட் கேட்டுவிட்டு, கொஞ்சம் தள்ளி உட்காருங்கம்மா என்றார்.

அதற்குப் பிறகு பெண்கள் பிரமுவின் வீட்டைத் தேடி வர ஆரம்பித்தார்கள், ஒவ்வொருத்தியும் ஒரு பையோடு. இதற்காகத்தானே இத்தனை வருடம் தைத்தோம் என்று அவளுக்கு நெஞ்சு நிறைந்தது. நிறைந்தது முதல் பையைப் பிரிக்கும் வரைக்கும்தான். பள்ளிக்கூட ஆயா ஒருத்தி, தலைமையாசிரியை நாற்காலியைவிடக் கொஞ்சம் தாழ்வாக இருக்கும்படி போடுங்கள் என்றாள். வீட்டு வேலைக்குப் போகிற ஒருத்தி, ஆள் வரும் சத்தம் கேட்டால் தானாக மறைந்துவிடுகிற மாதிரி கிடைக்குமா என்றாள். மேலத் தெரு டீச்சர் எல் வடிவ சோபா கேட்டாள், விருந்தாளி வந்தால் அவர்களும் உட்காரலாமே என்று. கிட்டத்தட்ட எல்லோருமே, இதை முடித்ததும் எங்க வீட்டு அவங்களுக்கும் ஒன்று என்று சொல்லிவிட்டுப் போனார்கள். உங்க வீட்டு அவங்க ஏற்கெனவே உட்கார்ந்துதானே இருக்கிறார் என்று பிரமு கேட்டால், தனக்கு மட்டும் வாங்கிக்கொண்டு போனால் நன்றாகவா இருக்கும் என்றார்கள்.

எதிர்வீட்டு வங்கி மேலாளர் விடாப்பிடியாக நின்று ஒரு வேட்டியில் போட்டு வாங்கினார். முற்றத்தில் வைத்து உட்கார்ந்து பார்த்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்தவர், தையல் சரியில்லை என்று ஊரெல்லாம் சொன்னார்.

எல்லாவற்றையும்விடப் பெரிய தொல்லை அந்தப் பைகளுக்குள் இருந்தது. புதுத் துணியில் நாற்காலி நிற்கவில்லை. ஒரு பெண் எந்தச் சேலையில் நின்று நின்று தேய்ந்தாளோ அந்தச் சேலையில்தான் நின்றது. ஆனால் பெண்கள் கொண்டுவந்ததோ கடையிலிருந்து அப்படியே எடுத்துவந்த புதுச் சேலை. சென்னை வரைக்கும் பேர் வாங்கிய அம்மாவிடம் கிழிசலைக் கொடுத்தால் என்ன நினைப்பார்கள் என்ற வெட்கம். “நீங்க கட்டிக் கழிச்சத கொண்டாங்க,” என்று பிரமு தொண்டை கட்டக் கத்துவாள். அவர்கள் சரி சரி என்று தலையாட்டிவிட்டுப் போய், அடுத்த நாள் இன்னும் விலை கூடிய புதுச் சேலையோடு வருவார்கள்.

வீட்டுக்குள் வந்தது வேறு கதை. வார விடுமுறையான ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆவுடை அந்தச் சேலையோடு கூடத்தில் காற்றில் சாய்ந்து உட்கார்ந்து பச்சைப் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள். வெளியே போயிருந்த அப்பா வந்தார். பார்த்தார். தன் நாற்காலிக்குப் பக்கத்தில் போய், அதன் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார். நின்றுகொண்டே இருந்தார். காபி வந்தது, நின்றபடியே குடித்தார். டிவியில் செய்தி ஓடியது, நின்றபடியே பார்த்தார். சன்னல் வழியாகப் பார்த்த பக்கத்து வீட்டம்மாள் பதறிக்கொண்டு ஓடி வந்தாள். பிறகு அவள் வீட்டுக்காரர் வந்தார். வயதான மனுசன் இப்படி நிற்கிறாரே, கால் என்னத்துக்கு ஆகும் என்று கூடம் நிறைய அனுதாபம் கூடிவிட்டது. அங்கே வந்திருந்த ஒவ்வொருவரும் ஆவுடை அந்தக் கூடத்தில் நின்றுகொண்டே பரிமாறிய காபியை வருடக்கணக்காகக் குடித்தவர்கள். பிரமு அப்பாவின் முன்னால் போய் நின்றாள்.

“உங்க நாற்காலி அங்கனயேதான கெடக்கு. உக்காருங்கப்பா.”

“அவ உக்காந்திருக்கால்லா,” என்றார் அப்பா.

கோபமாகச் சொல்லவில்லை. அந்த வீட்டுக்கு உட்காருவது என்று ஒன்றே ஒன்றுதான் அளந்து விட்டிருப்பது போலவும், அதை ஒருத்தி எடுத்துக்கொண்டால் மற்றவருக்கு மிச்சமில்லை என்பது போலவும், உண்மையாகவே நம்பித்தான் சொன்னார். ஆவுடை பட்டாணியை முறத்தோடு எடுத்துக்கொண்டு எழுந்து உள்ளே போனாள். அப்பா உட்கார்ந்தார். வந்தவர்கள் நிம்மதியாகக் கலைந்தார்கள்.

பிரமு அடுக்களைக்குள் போய்ப் பிடித்துக்கொண்டாள். “என்னத்துக்குளா எந்திரிச்ச? இன்னும் ஒரு நாழி இருந்திருந்தா அவரே உக்காந்திருப்பாரு.”

“மதினி, நீங்க நல்லா இருப்பிய,” என்றாள் ஆவுடை. “கடையில உக்காருதேன், வீட்டுல நிக்கேன். ரெண்டு எடத்துலயும் ஒரே சமயத்துல மல்லுக்கட்ட எனக்குத் தெம்பு கெடையாது. உங்களுக்குப் பொறுக்கலன்னா எனக்குப் பதிலா நீங்க செத்த நில்லுங்க.”

மறுநாளிலிருந்து இரவுச் சாப்பாட்டைப் பிரமுதான் நின்று பரிமாறினாள். ஆவுடை உள்ளே உட்கார்ந்து சாப்பிட்டாள். பரிமாறுகிற கை மாறியிருப்பதை அப்பா கவனிக்கவே இல்லை. ரசம் என்றார், ஊற்றினாள். இதைப் பற்றி எந்த மேடையில் என்னவென்று பேசுவது என்று யோசித்து அவளுக்கு அலுப்பாக வந்தது.

இதற்குள் கொச்சியிலிருந்து சேலை எப்போது வரும் என்று தினம் ஒரு மின்னஞ்சல் வந்தது. அதில் ஒரு பெண் உட்காருகிறாள் என்று பிரமு பதில் எழுதினாள். அழகான உருவகம், ஆனால் அனுப்பிவையுங்கள் என்று வந்தது. உருவகம் இல்லை, பட்டுப் பிரிவில் காலை பத்து மணி முதல் உட்காருகிறாள் என்று எழுதினாள். அப்படியென்றால் அது கலையில் சேருமா கைவினையில் சேருமா என்று குழு கூடி ஆலோசிப்பதாக வந்தது. பிரமு ஆவுடையிடம் கேட்டும் பார்த்தாள்: ஒரு மாதத்துக்கு மட்டும் கொடு, வேறு பழைய சேலையில் உனக்கு ஒன்று போட்டுத் தருகிறேன். மற்ற யூனிபாரம் எல்லாம் இந்த வருடத்துச் சேலை, இன்னும் அவ்வளவு நின்றிருக்கவில்லை என்றாள் ஆவுடை. தைத்தது நான் என்றாள் பிரமு. தேச்சது நான் என்றாள் ஆவுடை. இரண்டு நாள் பேச்சு வார்த்தை இல்லை. மூன்றாம் நாள் பிரமு, ‘படைப்பு பயன்பாட்டில் இருக்கிறது’ என்று ஒரே வரி எழுதி அனுப்பிவிட்டுக் கணினியை மூடினாள். கொச்சியில் அந்த வரியையே வெற்றுச் சுவரில் பெரிதாக எழுதி, விளக்குப் போட்டு, அதைப் பார்க்க ஆட்களை வரிசையில் நிற்க வைத்தார்கள். மிகவும் பேசப்பட்டது என்று எழுதியிருந்தார்கள்.

பட்டுப் பிரிவில் ஆவுடையோடு வேலை பார்த்த பெண்கள்தான் பிரமு சொன்னதை முதலில் புரிந்துகொண்டவர்கள். அவர்களிடம் கட்டிக் கழித்த யூனிபாரம் இருந்தது, அதைக் காட்ட வெட்கமும் இல்லை, ஒன்றாக நின்றவர்களிடம் என்ன வெட்கம். பிரமு விரல் நுனி மரத்துப்போகும் அளவுக்குத் தைத்தாள். தீபாவளிக்கு முன்வாரத்தில் ஒரு காலை, கேமராவில் பட்டுப் பிரிவின் தலைகள் எல்லாம் ஒரே வரிசையாகக் கீழே இறங்கியிருந்தன.

முதலாளி அந்தத் தலைகளை விரல் விட்டு எண்ணினாராம். பிறகு, “ஒருத்தி உக்காந்தா அது சீக்கு. எல்லாரும் உக்காந்தா அது சங்கம்,” என்றாராம்.

அவர் சத்தம் போடவில்லை. தீபாவளிப் பரிசு என்று சொல்லி ஊழியர் எல்லோருக்கும் புது யூனிபாரம் கொடுத்தார். கிளிப்பச்சைச் சேலை, நல்ல துணி, கஞ்சி முறுமுறுப்போடு. மறுநாள் முதல் பழைய சேலையில் யாரும் வரக் கூடாது. புதுத் துணியில் நாற்காலி எப்படி நிற்கும்? பெண்கள் பச்சையைக் கட்டிக்கொண்டு மறுபடி நின்றார்கள். நிறம் எடுப்பாக இருக்கிறது என்று அவர்களே ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். ஆவுடை மட்டும் காபித்தூள் நிறத்தில் வந்து, காற்றில் உட்கார்ந்தாள்.

பிரமு அன்று மத்தியானம் தூக்குவாளியில் சோறு கொண்டு போயிருந்தாள். அவள் படியேறி வந்தபோது பொன்னுலிங்கம் கவுண்டருக்கு முன்னால் நின்றிருந்தார். வாடிக்கையாளர்களும் கையில் சேலையோடு நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரே தடவையாகக் கேட்கிறேன், எழுந்து போய் மாற்றிக்கொண்டு வருகிறாயா இல்லையா என்று அவர் கேட்டார். கால் வலிக்கிறது என்றாள் ஆவுடை.

“அப்பம் சரி. இன்னையோட ஒன்ன நிறுத்தியாச்சு.”

ஆவுடை அவரை நிமிர்ந்து பார்த்தாள். அவள் முகத்தில் கோபம்கூட இல்லை, அப்படி ஒரு அலுப்பு. “பதினெட்டு வருசமா நிறுத்தித்தான வச்சிருக்கிய அண்ணாச்சி,” என்றாள். “இப்ப புதுசா என்ன நிறுத்துதிய?”

யாரோ ஒரு கல்யாணப் பெண் களுக்கென்று சிரித்துவிட்டாள். பொன்னுலிங்கம் ஆவுடையை ஒரு தடவை சுற்றி வந்தார். ஆளைத் தூக்கலாம் என்றால் பெண்பிள்ளை, தொட முடியாது. நாற்காலியை இழுக்கலாம் என்றால் நாற்காலி இல்லை.

மறுநாள் ஆவுடை முன்வாசல் வழியாகவே வந்தாள். வேலைக்காரர்கள் பின்பக்கச் சந்தால் வர வேண்டும், அவள்தான் இப்போது வேலைக்காரி இல்லையே. கதவு திறந்துவிடுகிற காவலாளி, இத்தனை வருடத்தில் முதல் தடவையாக, வாங்கம்மா என்று கும்பிட்டார். நேரே பட்டுப் பிரிவுக்குப் போய், தன் வழக்கமான இடத்துக்கு முன்பக்கத்தில், வாடிக்கையாளர் பக்கத்தில், காற்றில் உட்கார்ந்தாள்.

பிரமு பரபரத்தாள். சென்னைத் தோழிகளுக்குப் போன் போட்டு, கூட்டறிக்கை எழுதச் சொல்லி, வாசகங்களைப் பற்றி விவாதித்துக்கொண்டிருந்தாள். அறிக்கையில் ‘உடல்’ என்று போடுவதா ‘உடலரசியல்’ என்று போடுவதா என்பதில் அவர்களுக்குள் ஒத்துவரவில்லை. அது ஒத்துவருவதற்குள் கடையில் வேறொன்று நடந்துவிட்டது.

ஒரு தாயார் தன் மகளுக்கு அரக்குச் சேலை ஒன்றைப் பிரித்து வைத்துக்கொண்டு, பழைய பழக்கத்தில் ஆவுடையிடம் கேட்டாள். இது அசல் காஞ்சிபுரம்தானே? பதினெட்டு வருடமாக ஆவுடை இந்தக் கேள்விக்கு, நேராகத் தறியிலிருந்து வந்தது அக்கா என்று பதில் சொன்னவள்.

“இல்லக்கா,” என்றாள் இப்போது. “பாதி பாலியஸ்டரு. மூணு தண்ணி கண்டா கரை சுருங்கும். நான் இங்க வேலை பாக்கலல்லா, அதனால சொல்லுதேன்.”

தாயார் சேலையை மடித்து வைத்தாள். அதற்கப்புறம் பட்டுப் பிரிவுக்கு வருகிறவர்கள் எல்லோரும் எடுத்த சேலையோடு நேரே ஆவுடையிடம் வந்தார்கள். அவள் தொட்டுப் பார்ப்பாள். இது ஜரிகை இல்லை, வெறும் பிளாஸ்டிக் என்பாள். இது நல்ல சேலை, ஆனால் போன ஆடியில் தள்ளுபடியில் போட்டும் போகாதது என்பாள். இது உங்க பிள்ளைக்கு அடிக்கும்க்கா, மாநிறத்துக்கு அந்த நீலம் எடுங்க என்பாள். பொன்னுலிங்கம் அவளுக்கு முன்னால் நான்கு பொம்மைகளைச் சேலை கட்டி நிறுத்தி மறைத்தார். பொம்மைகளுக்கு நடுவே இருந்து ஆவுடையின் குரல், அந்த இடது பக்கப் பொம்மை கட்டியிருப்பதும் சாயம் போகும் என்று சொன்னது. வெளியூரிலிருந்தெல்லாம் ஆட்கள் வந்தார்கள், கடையில் கூட்டம் நெரிந்தது, விற்பனை மட்டும் இல்லை. காற்றில் உட்கார்ந்திருக்கிறாள் என்பதற்காக வந்தவர் ஒருவர்கூட இல்லை என்பதைத் தூக்குவாளியோடு தினம் வந்து பார்த்த பிரமு கவனித்தாள். சேலைக்கடையில் ஒருத்தி உண்மை சொல்கிறாள் என்பதற்காக வந்தார்கள். அதுதான் அவர்களுக்கு அதிசயமாகப் பட்டது.

தீபாவளிக்கு இரண்டு நாள் இருக்கும்போது முதலாளி கண்ணாடி அறையை விட்டு இறங்கி வந்தார். பொம்மைகளை விலக்கிக்கொண்டு ஆவுடையின் முன்னால் நின்றார்.

“ஒனக்கு இப்ப என்ன வேணும்? திரும்பச் சேந்துக்கிடணுமா?”

“சேந்துக்கிடுதேன் அண்ணாச்சி. கிட்டங்கியில அந்த முக்காலி கெடக்குல்லா, அத எறக்குங்க. பட்டுக்கு மட்டும் இல்ல, நாலு மாடிக்கும்.”

“அது இன்ஸ்பெக்டர் வந்தா போடுததுக்கு.”

“எங்களையும் இன்ஸ்பெக்டர்னு நெனச்சுக்கிடுங்க,” என்றாள் ஆவுடை. அப்போது ஒரு குடும்பம் எடுத்த சேலையோடு அவளை நோக்கி வந்துகொண்டிருந்தது. மூத்தவள் கையில் ஒரு ரோஜா நிறப் பட்டு. முதலாளி அந்தப் பட்டைப் பார்த்தார், ஆவுடையைப் பார்த்தார். அதன் ஜரிகை எப்படிப்பட்டது என்பது இரண்டு பேருக்கும் தெரியும்.

முக்காலிகள் அப்போதே இறங்கின. பிளாஸ்டிக் தாளைப் பிரிக்கிற சத்தம் நாலு மாடியிலும் கேட்டது. பச்சைச் சேலைகள் ஒவ்வொன்றாக உட்கார்ந்தன. ஆவுடையும் ஒன்றை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டு, அந்தக் குடும்பத்திடம், இது நேராகத் தறியிலிருந்து வந்தது அக்கா என்றாள். பிரமு அவளை முறைத்தாள். ஆவுடை தூக்குவாளியை வாங்கிக்கொண்டு, நாளைக்குப் புளிக்குழம்பு வையுங்க மதினி என்றாள்.

அடுத்த மகளிர் தினத்தில் முதலாளிக்கு ஊரில் பாராட்டு விழா எடுத்தார்கள். ஒவ்வொரு முக்காலியிலும் அவர் தாயார் பெயரை வெட்டியிருந்தார். பெண்ணின் காலைப் புரிந்துகொண்ட மாமனிதர் என்று ஒரு பேராசிரியர் பேசினார். பிரமுவையும் மேடைக்கு அழைத்துப் பொன்னாடை போர்த்தினார்கள். போர்த்தும்போது முதலாளி குனிந்து, வைகாசியில் மகளுக்குக் கல்யாணம், பிளவுசுக்கு ஆரி ஒர்க் உங்க கையால் போட்டுத் தர வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். கூட்டறிக்கை மறுநாள்தான் வந்தது. நன்றாக எழுதியிருந்தார்கள்.

தினமும் கட்டியதில் அந்தக் காபித்தூள் சேலை தை மாதத்திலேயே நடுவில் கிழிந்துபோயிருந்தது. முக்காலி வந்துவிட்டதால் ஆவுடை அதைப் பெரிதாக நினைக்கவில்லை. வேறு நாற்காலி தைத்துத் தருகிறேன் என்று பிரமு சொன்னதற்கு, வேண்டாம், கூடத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி வாங்கிப் போடுங்கள் என்றாள். வாங்கிப் போட்டார்கள். அப்பா முதல் நாள் மட்டும் நின்றார்.

ஆவுடையம்மாள் அந்தக் கடையில் மேலும் ஒன்பது வருடம் உட்கார்ந்து சேலை விற்றாள். பிறகு, யாரும் சொல்லாமல், அவளாகவே வேலையிலிருந்து நின்றுகொண்டாள்.